ஆயில் பிரஷர் லைட் விட்டு விட்டு எரிகிறதா? இன்ஜினைப் பிரிக்கும் முன் இதைப் பாருங்கள்

அந்தச் சிவப்பு லைட் எரிந்ததும் வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள். நாங்குநேரி டோல் பக்கத்தில்தான், அதைத் தாண்டினால் தெரிந்த ஒர்க்‌ஷாப் இருக்கிறது என்று ஓட்டவே ஓட்டாதீர்கள். லைட் மட்டும் உள்ள வண்டிகளில் பின்னால் இருப்பது ஒரு சாதாரண சுவிட்ச். பிரஷர் ஏறக்குறைய 5 பி.எஸ்.ஐ.க்குக் கீழே இறங்கினால்தான் அது லைட்டைப் போடும். அதனால் லைட் சொல்வது நிஜமாக இருந்தால் பிரஷர் கொஞ்சம் குறைவு என்று அர்த்தமில்லை, இல்லவே இல்லை என்று அர்த்தம். இன்ஜினுக்குள் சுழலும் கிராங்க் தண்டின் பேரிங் போக சில நிமிடம் போதும்.

தொல்லை என்னவென்றால், இது ஒர்க்‌ஷாப் வாசலில் போய் நின்றதும் வராது. அண்ணாச்சி ரெண்டு தடவை ரேஸ் பண்ணிப் பார்த்துவிட்டு "சென்சார்தான், மாத்திருவோம்" என்பார், இன்னொருவர் "பம்ப் போச்சு, இறக்கிருவோம்" என்பார், ரெண்டு பேர் கையிலும் ஆதாரம் எதுவும் இருக்காது. லைட் எப்போது எரிகிறது என்று நீங்கள் சொன்னால்தான் அவருக்கும் வழி தெரியும்.

முதலில் ஆயில். சமதளத்தில் நிறுத்தி, அணைத்து, ஒரு பத்து நிமிடம் விட்டு ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். குறைவாக இருந்தால் சரி, காரணம் அதுவாகவே இருக்கலாம். ஆனால் மேல் கோட்டைத் தாண்டி இருந்தாலும் ஆபத்துதான், கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கிவிடும், நுரையை பம்ப்பால் ஒழுங்காகத் தள்ள முடியாது. டீசல் வாடை வருகிறதா என்று மோந்து பாருங்கள். 2020-க்குப் பிந்தைய பிஎஸ்6 டீசல் வண்டியை பாளையங்கோட்டைக்கும் ஜங்ஷனுக்கும் என்று ஊருக்குள் மட்டுமே ஓட்டிக்கொண்டிருந்தால், சைலன்சர் ஃபில்டரைச் சுத்தம் செய்ய இன்ஜின் கூடுதலாக அடிக்கும் டீசலில் ஒரு பங்கு கீழே ஆயிலில் இறங்கி அதை நீர்க்க வைத்துவிடும். லெவல் ஏறிக்கொண்டே போகும், பிரஷர் இறங்கிக்கொண்டே போகும். ஆயில் வெளிறிக் குழகுழவென்று இருந்தால் கூலன்ட் கலந்திருக்கிறது, அந்த வண்டியை ஸ்டார்ட்டே பண்ண வேண்டாம்.

ஆயில் சரி என்றால் அடுத்தது நேரமும் இடமும். காரையாறு மலைப்பாதையில் ஏறும்போதோ செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு வளைவுகளிலோ மட்டும் லைட் மின்னுகிறது என்றால் ஆயில் ஒரு பக்கம் சாய்ந்து பம்ப் காற்றை இழுக்கிறது, லெவலை மறுபடி பாருங்கள். சித்திரை வெயிலில் வண்ணார்பேட்டை நெரிசலில் ஸ்லோவில் நிற்கும்போது எரிந்து, லேசாக ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் அணைகிறது என்றால் ஆயில் நீர்த்திருக்கிறது, அல்லது தப்பான கிரேடு, அல்லது பேரிங் தேய்ந்திருக்கிறது. ஸ்லோ ஸ்பீடு ரொம்பக் குறைத்து வைத்திருந்தாலும் இப்படி ஆகும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் லைட் அணைய நேரமாகிறது என்றால் பெரும்பாலும் ஃபில்டர், உள்ளே ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு மலிவு ஃபில்டர்களில் சீக்கிரம் விட்டுப்போகும்.

நான்குவழிச் சாலையில் ஒரே வேகத்தில் போகப் போக பிரஷர் இறங்கி, நிறுத்தி எடுத்தால் சரியாகிவிடுவது தனி ரகம், ஆளை ஏமாற்றுவதும் இதுதான். களக்காட்டிலிருந்து வாழைத்தார் ஏற்றுகிற ஒரு பிக்அப்பில் இப்படித்தான், டீ குடித்துவிட்டு எடுத்தால் பிரஷர் மீட்டர் முள் பழையபடி நிற்கும், அதனாலேயே சென்சார் மேல் பழி போட்டு அதையும் மாற்றினார்கள். கடைசியில் இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் சேம்பரைக் கழற்றினால், பம்ப் ஆயிலை உறிஞ்சும் வாயில் இருக்கும் ஸ்ட்ரெய்னர் வலையில் கருப்புச் சேறும், முன்பு சேம்பரை ஒட்டும்போது அளவுக்கு மீறித் தடவிய சிலிகான் பேஸ்ட் உள்பக்கம் பிதுங்கி அறுந்த சாம்பல்நிறத் துணுக்குகளும் அப்பிக் கிடந்தன. மடை வாயில் அமலைச்செடி வந்து அடைப்பது போலத்தான், இழுப்பு இருக்கும்வரை ஒட்டிக்கொண்டிருக்கும், இழுப்பு நின்றதும் விலகிவிடும்.

முள் கண்ணிமைக்கும் நேரத்தில் பூஜ்யத்துக்கு விழுந்து எழுந்தால், அதுவும் குழியில் இறங்கும்போது, ஒயரிங்கைச் சந்தேகப்படுங்கள். பக்கத்து மீட்டர்களும் சேர்ந்து ஆடினால் டேஷ்போர்டு எர்த். சுவிட்ச் கப்ளரைக் கழற்றி உள்ளே ஆயில் கசிந்திருக்கிறதா, ஒயரை எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். சாவியைப் போட்டு, இன்ஜின் ஓடாமல், கப்ளரைக் கழற்றினால் லைட் அணைய வேண்டும். அணையாவிட்டால் ஒயர் எங்கோ பாடியில் உரசுகிறது. (இது பழைய ஒற்றை ஒயர் சுவிட்சுக்கு. இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியூவுக்குப் போகும் சென்சார் என்றால் ஸ்கேனர்தான்.) ஒற்றை ஒயர் சென்சாருக்கு மரையே எர்த், அதில் டெஃப்லான் டேப்பைச் சுற்றி முறுக்கினால் புது சென்சாரும் பொய் சொல்லலாம்.

இதெல்லாம் ஊகத்தைக் குறைக்கும். தீர்ப்பு சொல்வது ஆயில் பிரஷரை நேரடியாக அளக்கும் மெக்கானிக்கல் கேஜ் மட்டும்தான், இதைக் கேட்டு வாங்கிச் செய்யுங்கள். சுவிட்சைக் கழற்றிய ஓட்டையில் சரியான மரை அடாப்டர் போட்டு கேஜை மாட்ட வேண்டும், ஹோஸ் ஃபேனிலும் சைலன்சரிலும் படக்கூடாது. சூடேறாத இன்ஜினில் பார்த்துப் பிரயோஜனமில்லை. அரை மணி நேரம் ஓட்டி நன்றாகச் சூடான பிறகு ஸ்லோவிலும் 2000 ஆர்.பி.எம்.மிலும் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். சரியான எண் உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும், கிடைக்காவிட்டால் 1000 ஆர்.பி.எம்.முக்கு 10 பி.எஸ்.ஐ. என்பது பழைய மெக்கானிக்குகளின் கணக்கு.

முன்பு லைட் எரிந்த அதே சூழ்நிலையிலும் கேஜில் பிரஷர் நன்றாக நிற்கிறதா? சுவிட்சையோ ஒயரையோ மாற்றுங்கள், இன்ஜினைத் தொட வேண்டாம். கேஜிலும் விழுகிறதா? கம்பெனி சொன்ன கிரேடில் ஆயில், நல்ல ஃபில்டர், மறுபடி கேஜ். கழற்றிய ஃபில்டரைத் தூக்கிப்போடாமல் அறுத்து, மடிப்புக் காகிதத்தை வெயிலில் விரித்துப் பாருங்கள். செம்பு நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ மினுமினுத்தால் பேரிங் தேய்கிறது. ஒன்றுமில்லை என்றால் சேம்பர், ஸ்ட்ரெய்னர், அதன் குழாயில் இருக்கும் ஓ-ரிங், கூடுதல் பிரஷரை வெளியே விடும் ரிலீஃப் வால்வு என்று வரிசையாகப் போய், கடைசியாகத்தான் பம்ப்.

நடுவில் யாராவது "கெட்டி ஆயில் ஊத்துங்க, லைட் வராது" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். லைட் வராதுதான், தேய்மானம் நிற்காது. பழைய வண்டி வாங்கப் போனாலும் இதற்காகவே ஓட்டிச் சூடாக்கி, ஏசியைப் போட்டு ஸ்லோவில் நிறுத்தி அந்த லைட்டைக் கொஞ்ச நேரம் பாருங்கள், ஸ்டிக்கில் இருக்கும் ஆயிலையும் விரலில் தொட்டுப் பாருங்கள்.