ஒட்டிக் கிடக்கும் பித்தப்பை: எங்கே தொடங்குவது, எப்போது நிறுத்துவது

சீழ் கட்டி உப்பியது, நாள்பட்ட அழற்சியில் கல்போல் சுருங்கியது, கழுத்தில் கல் இறுகி ஹார்ட்மன் பௌச் (பையின் கழுத்தருகே புடைத்த பகுதி) பொதுப் பித்தநாளத்தோடு ஒட்டியது: லேப்ராஸ்கோபியில் (சிறு துளை வழி அறுவையில்) கையைக் கட்டிப்போடும் பித்தப்பைகள் பெரும்பாலும் இவைதாம். மூன்றிலும் முதல் வேலை பித்தநாளத்தைக் காப்பது. பித்தப்பையை முழுதாக எடுப்பது அதற்கு அடுத்ததுதான்.

உப்பிய பையைப் பிடிக்க முடியாவிட்டால் ஃபண்டஸில் (பையின் நுனியில்) ஊசி குத்தி உறிஞ்சிவிடுங்கள். ஃபண்டஸை நோயாளியின் வலத் தோளை நோக்கி மேலே தள்ளி, ஹார்ட்மன் பௌச்சை மட்டும் வலப்பக்கமாகக் கீழே இழுங்கள். இரண்டையும் மேலே இழுத்தால் சிஸ்டிக் டக்ட்டும் (பையிலிருந்து வரும் சிறு நாளம்) பொதுப் பித்தநாளமும் ஒரே கோட்டில் நின்று, பெரிய நாளமே சிஸ்டிக் டக்ட் போலத் தெரியும். நாளத்தை வெட்டிவிடும் பெரும்பாலான காயங்களுக்கு இந்தத் தோற்ற மயக்கமே காரணம். கை நடுக்கமோ அனுபவக் குறைவோ மட்டும் அல்ல.

கல்லீரலின் அடிப்பரப்பில் ரூவியே பள்ளத்தை (வலப்பக்கம் உள்ள பிளவை) தேடுங்கள். அதிலிருந்து கல்லீரலின் நான்காம் பகுதியின் அடிவரை மனதில் ஒரு கோடு இழுத்து, வெட்டு எல்லாம் அதற்கு மேலேயே இருக்கட்டும். பெரிட்டோனியத்தைப் பின்பக்கத்தில் முதலில் திறந்து, பையின் சுவரை ஒட்டியே போங்கள். புதிய வீக்கத்தில் சக்ஷன் முனையும் காஸ் துணி உருண்டையும் காட்டரியைவிட (மின்சூட்டுக் கருவியைவிட) நன்றாகப் பிரிக்கும். நாளத்தின் அருகே காட்டரியின் ஹூக் முனையை நீண்ட நேரம் அழுத்த வேண்டாம். அந்தச் சூடு வாரங்கள் கழித்து நாளச் சுருக்கமாக வெளிப்படும்.

கிளிப் போடும் முன் மூன்றும் தெரிய வேண்டும்: சிஸ்டிக் டக்ட், பொதுக் கல்லீரல் நாளம், கல்லீரல் இவற்றுக்கு இடைப்பட்ட முக்கோணத்தில் கொழுப்பும் நாரும் நீங்கியிருக்க வேண்டும், பையின் கீழ் மூன்றில் ஒரு பங்கு கல்லீரலிலிருந்து பிரிந்திருக்க வேண்டும், பைக்குள் நுழைவது இரண்டே குழாய்களாக (சிஸ்டிக் டக்ட்டும் சிஸ்டிக் தமனியும்) இருக்க வேண்டும். 1995-ல் ஸ்ட்ராஸ்பெர்க் வகுத்த இந்த நிலையை முன்னாலும் பின்னாலும் பார்த்து, உடனிருக்கும் சர்ஜனிடமும் கேட்டுவிட்டு வெட்டுங்கள். 'கிட்டத்தட்டத் தெரிகிறது' என்பது போதாது.

ரத்தம் கொப்பளித்தால் குருட்டுத்தனமாகக் கிளிப் வேண்டாம். வலக் கல்லீரல் தமனி வளைந்து பையை ஒட்டி ஓடியிருக்கலாம். காஸ் உள்ளே விட்டு ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்து, கழுவிப் பார்த்த பிறகே முடிவெடுங்கள்.

முக்கோணம் திறக்கவே இல்லையா? முயற்சியை அங்கேயே விடுங்கள். ஃபண்டஸிலிருந்து இறங்கி வரும் வழி இங்கே பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். சுருங்கிய பையில் அதுவே ஆபத்து: தடித்த சிஸ்டிக் பிளேட் (பைக்கும் கல்லீரலுக்கும் இடையிலான நார்த்தகடு) வலது போர்ட்டல் உறையோடு (கல்லீரலுக்குள் போகும் ரத்தக்குழாய்களையும் பித்தநாளத்தையும் சூழ்ந்த உறை) ஒட்டியிருப்பதால் கத்தி நேரே பெரிய நாளங்களுக்குள் போய்விடும். வயிற்றைத் திறக்கும் ஓபன் அறுவைக்கு மாறினாலும் இது தானாகத் தீராது.

பகுதி நீக்கமே நல்ல வழி. முன்சுவரை, ரூவியே பள்ளத்திலிருந்து இழுத்த அந்தக் கோட்டுக்கு மேலேயே திறந்து, பித்தத்தை உறிஞ்சி, எல்லாக் கற்களையும் சேகரிப்புப் பையில் போட்டு வெளியே எடுங்கள். பின்சுவர் கல்லீரலோடு இருக்கட்டும். அதன் சளிப்படலத்தைக் காட்டரியால் கருக்குங்கள். சிஸ்டிக் டக்ட்டின் வாய் உள்ளிருந்து தெரிந்தால், கரையும் நூலால் சுருக்குத் தையல் போட்டு, மிச்சச் சுவரைத் திறந்தே விடலாம். இதில் பித்தக் கசிவு சற்று அதிகம். அடிப்பகுதியை மூடித் தைத்தால் கசிவு குறையும். ஆனால் மிச்சப் பையில் மறுபடி கல் சேரலாம். எப்படியும் டிரெயின் (வடிகுழாய்) வைத்துவிடுங்கள்.

மறுநாள் முதலே வயிறு உப்பல், நாடித் துடிப்பு ஏற்றம், சாப்பிட மனமின்மை என்றால் 'வாயு' என்று தள்ளிவிடாதீர்கள். சிடி எடுத்து, தேங்கியதை வடித்துவிடுங்கள். சிஸ்டிக் டக்ட் அடியிலிருந்து கசிந்தால் பெரும்பாலும் ஈஆர்சிபி (வாய் வழி எண்டோஸ்கோப்பால் பித்தநாளத்தை அணுகும் முறை) மூலம் ஸ்டென்ட் வைத்தால் போதும். பெரிய நாளமே அறுந்திருந்தால், பழகிய கை அருகில் இல்லாதபோது தைக்க முயல வேண்டாம். டிரெயின் வைத்து, ஆபரேஷன் குறிப்பும் வீடியோவும் சேர்த்து கல்லீரல்-பித்தநாளச் சிறப்பு மையத்துக்கு அனுப்புங்கள். நடந்ததை நோயாளியின் குடும்பத்திடம் அன்றே சொல்லிவிடுங்கள்.