எந்த கேலன்? ஜி.பி.எம். கணக்கை லிட்டருக்குக் கொண்டுவரும் முறை

களக்காட்டுப் பக்கம் ஒரு ஏக்கர் வாழைக்குச் சொட்டுநீர் போட வேண்டும். பம்ப் விவரப் பட்டியலில் "40 ஜி.பி.எம்." என்று அச்சடித்திருக்கிறது. நிமிடத்துக்கு 40 கேலன் என்று அர்த்தம். வாங்கலாமா? அது பிரிட்டிஷ் கேலன் என்றால் வாங்கலாம். அமெரிக்க கேலன் என்றால் கடைசி வரிசை வாழைக்குத் தண்ணீர் சரியாகப் போய்ச் சேராது. எழுத்து ஒன்றுதான், எண்ணும் ஒன்றுதான். தண்ணீரில் மட்டும் நிமிடத்துக்கு 30 லிட்டர் வித்தியாசம். கணக்கு எட்டாம் வகுப்புக் கணக்குதான். எந்த கேலன் என்று கண்டுபிடிப்பதில்தான் பலரும் வழுக்குகிறார்கள்.

ஏன் இரண்டு கேலன்?

நம் பக்கத்தில் ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் மரக்கால் வேறாக இருந்த மாதிரிதான் இதுவும். இங்கிலாந்தில் 1707-இல் ஒயின் அளக்க 231 கன அங்குலம் கொண்ட கேலனைச் சட்டமாக்கினார்கள். அமெரிக்கா அதையே இன்றுவரை வைத்திருக்கிறது. இங்கிலாந்தோ 1824-இல் பழைய கேலன்களை எல்லாம் ஒதுக்கிவிட்டு, 10 பவுண்டு எடையுள்ள தண்ணீர் எவ்வளவு இடம் பிடிக்குமோ அதுவே ஒரு கேலன் என்று புதிதாக வைத்தது. அதற்குப் பெயர் இம்பீரியல் கேலன். நம் நாட்டில் மெட்ரிக் அளவு வருவதற்கு முன்னால் புழங்கியது இதுதான். அதனால் பழைய கிணறு, பம்புசெட், குடிநீர்த் திட்டக் காகிதங்களில் வெறுமனே "கேலன்" என்று இருந்தால் பெரும்பாலும் இம்பீரியல் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

1 இம்பீரியல் கேலன் = 4.546 லிட்டர்
1 அமெரிக்க கேலன் = 3.785 லிட்டர்

மனப்பாடம் செய்ய வேண்டியவை இந்த இரண்டு எண்கள் மட்டுமே.

முதல் வேலை: எந்த கேலன் என்று உறுதி செய்யுங்கள்

தகட்டிலோ விவரத்தாளிலோ "யு.எஸ்.ஜி.பி.எம்." என்றோ "ஐ.ஜி.பி.எம்." என்றோ தெளிவாக இருந்தால் வேலை முடிந்தது. முன்னது அமெரிக்க கேலன், பின்னது இம்பீரியல். வெறும் "ஜி.பி.எம்." மட்டும் இருந்தால் அதே தாளில் லிட்டர் கணக்கும் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் இருக்கும். லிட்டரை கேலனால் வகுங்கள். விடை 4.5-ஐ ஒட்டி வந்தால் இம்பீரியல், 3.8-ஐ ஒட்டி வந்தால் அமெரிக்கா. மணிக்கு இத்தனை கன மீட்டர் என்று கொடுத்திருந்தால் அதை 1000-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு லிட்டர் வந்துவிடும். பிறகு அதே சோதனை. இதைவிட நம்பகமான வழி கிடையாது. பம்ப் எந்த நாட்டில் செய்தது என்று பார்த்து முடிவு செய்வது ஊகம்தான். லிட்டர் கணக்கு எங்குமே இல்லை என்றால் விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "எல்லா கேலனும் ஒன்றுதான்" என்று பதில் வந்தால் அந்த எண்ணை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

இரண்டாவது: லிட்டருக்கு மாற்றுங்கள், பிறகே வேறு எதுவும்

இம்பீரியலிலிருந்து அமெரிக்க கேலனுக்கு நேராக மாற்ற 1.201-ஆல் பெருக்க வேண்டும். திரும்பி வர 0.8327-ஆல் பெருக்க வேண்டும். இரண்டும் சரியான எண்கள்தான். ஆனால் புதிதாகச் செய்பவர்கள் எதை எங்கே பெருக்குவது என்பதில் தடுமாறி, கூட்ட வேண்டிய இடத்தில் குறைத்துவிடுகிறார்கள். அப்போது பிழை இரட்டிப்பாகும். லிட்டர் வழியாகப் போனால் அந்தத் தொல்லை இல்லை. உதாரணத்துக்கு 60 இம்பீரியல் கேலன்:

60 × 4.546 = 272.8 லிட்டர் (நிமிடத்துக்கு)
272.8 ÷ 3.785 = 72.1 அமெரிக்க கேலன் (நிமிடத்துக்கு)

விடை சரியா என்று பார்க்க நெல் அளப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அதே குவியலைச் சின்னப் படியால் அளந்தால் எண்ணிக்கை கூடும், பெரிய படியால் அளந்தால் குறையும். அமெரிக்க கேலன் சின்னப் படி. ஆகவே அமெரிக்கக் கணக்கில் எண் எப்போதும் பெரிதாகவே வர வேண்டும். சிறிதாக வந்தால் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள்.

மூன்றாவது: நேரத்தைத் தனியாக மாற்றுங்கள்

ஜி.பி.எம். நிமிடத்துக்கு, ஜி.பி.எச். மணிக்கு, ஜி.பி.டி. நாளுக்கு. கேலனையும் நேரத்தையும் ஒரே வரியில் மாற்றப் போகாதீர்கள். முதலில் லிட்டர், அடுத்த வரியில் நேரம்.

வீட்டு ஆர்.ஓ. கருவியில் இதைப் பார்க்கலாம். உள்ளே இருக்கும் சவ்வின் மேல் "75 ஜி.பி.டி." என்று இருக்கும். இந்தச் சவ்வுகளுக்கு அமெரிக்க கேலன்தான் வழக்கம். 75 × 3.785 = நாளுக்கு 284 லிட்டர். 24-ஆல் வகுத்தால் மணிக்கு 11.8 லிட்டர், நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 மில்லி. ஒரு அளவு டம்ளரை நல்ல தண்ணீர்க் குழாயில் ஒரு நிமிடம் பிடித்தால் தெரிந்துவிடும். 200 மில்லி என்பது சோதனைக் கூடத்து அழுத்தத்திலும் 25 டிகிரி தண்ணீரிலும் கிடைக்கும் அளவு. ராதாபுரம், வள்ளியூர்ப் பக்கத்து உப்பு போர் தண்ணீரில் அதைவிடக் குறைந்தால் அது கேலன் பிழை அல்ல. உப்பு கூடக் கூட சவ்வு குறைவாகத்தான் கொடுக்கும்.

வாழைத் தோட்டக் கணக்கு

ஆறடிக்கு ஆறடி நட்டால் ஏக்கருக்குச் சுமார் 1200 வாழை. ஒரு வாழைக்கு மணிக்கு 4 லிட்டர் விடும் டிரிப்பர் இரண்டு. அதாவது வாழைக்கு 8 லிட்டர்.

1200 × 8 = மணிக்கு 9600 லிட்டர்
9600 ÷ 60 = நிமிடத்துக்கு 160 லிட்டர்

பில்டர் அடைப்பு, குழாய்த் தேய்மானம் எல்லாம் போகப் பத்து சதவீதமாவது கூடுதலாக வைக்க வேண்டும். ஆக 176 லிட்டர். இப்போது அந்த "40 ஜி.பி.எம்." பம்ப்புக்கு வருவோம்.

இம்பீரியல் என்றால் 40 × 4.546 = 181.8 லிட்டர். போதும்.
அமெரிக்கா என்றால் 40 × 3.785 = 151.4 லிட்டர். போதாது.

151 லிட்டர் வந்தால் மோட்டார் ஓடத்தான் செய்யும், தண்ணீரும் வரும். அதனால்தான் பிழை உடனே கண்ணில் படாது. குழாயில் அழுத்தம் இறங்கி, வால்வுக்குப் பக்கத்து வாழை நன்றாக நனைய, லேட்டரலின் (டிரிப்பர்கள் வரிசையாக இருக்கும் கிளைக் குழாயின்) கடைசியில் இருக்கும் டிரிப்பர் சொட்டுவது குறையும். அடைப்பு என்று நினைத்து ஆசிட் விட்டுக் கழுவுவார்கள், ஒன்றும் மாறாது.

இப்படி ஒரு பம்ப்பை ஏற்கெனவே வாங்கிவிட்டால் மாற்ற அவசியம் இல்லை. தோட்டத்தை இரண்டு வால்வாகப் பிரித்துவிடுங்கள். ஒரு பாதிக்கு 80 லிட்டர்தான் வேண்டும்; பம்ப் தாராளமாகத் தரும். வாழைக்கு 16 லிட்டர் விட வேண்டும் என்றால் ஒரு பாதிக்கு இரண்டு மணி நேரம், இரண்டு பாதிக்கும் நான்கு மணி நேரம். மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்குள் அது அடங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவுன்ஸில் எல்லாம் தலைகீழ்

உரக் கரைசல், குளோரின் விடும் சிறிய டோசிங் பம்ப்புகளில் கேலனுக்குப் பதில் திரவ அவுன்ஸ் வரும். இம்பீரியல் கேலனை 160 அவுன்ஸாகவும், அமெரிக்க கேலனை 128 அவுன்ஸாகவும் பிரித்திருக்கிறார்கள். அதனால் இம்பீரியல் அவுன்ஸ் 28.41 மில்லி, அமெரிக்க அவுன்ஸ் 29.57 மில்லி. கேலனில் பெரியது இம்பீரியல், அவுன்ஸில் பெரியது அமெரிக்கா! கேலனுக்குப் போட்ட 1.2-ஐ அவுன்ஸுக்கும் போட்டால் மருந்து அளவு கெட்டுவிடும். அவுன்ஸ் வந்தால் மில்லிக்கு மாற்றிவிட்டுத்தான் அடுத்த வரி எழுத வேண்டும்.

கனஅடிக்கு இந்தக் குழப்பம் இல்லை

பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் விநாடிக்கு இத்தனை கனஅடி என்று தினமும் செய்தியில் வருகிறதே, அந்தக் கனஅடி இரண்டு முறையிலும் ஒன்றுதான். ஒரு கனஅடி 28.32 லிட்டர். அதில் 6.23 இம்பீரியல் கேலன் அல்லது 7.48 அமெரிக்க கேலன் அடங்கும். பழைய காகிதத்தில் கனஅடியும் கேலனும் சேர்ந்து இருந்தால், எந்த கேலன் என்று கண்டுபிடிக்க இதுவும் ஒரு வழி.

50-க்கும் 60-க்கும் உள்ள வம்பு

தேர்ந்தவர்களையே ஏமாற்றும் இடம் இது. அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 60 அலை), நம்முடையது 50. மோட்டார் சுற்றும் வேகம் இதைப் பொறுத்தது. அவர்கள் ஊருக்காக 60 ஹெர்ட்ஸில் அச்சடித்த பம்ப் அட்டவணையை இங்கே பார்த்தால், சுற்று வேகம் குறைவதால் தண்ணீரும் 50 ÷ 60 பங்காக, அதாவது 0.833-ஆகக் குறையும். கேலன் வித்தியாசம் 0.8327. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எண்! தண்ணீர் 17 சதவீதம் குறைவதைப் பார்த்து கேலனைத் திருத்திவிட்டு, காரணம் கிடைத்துவிட்டது என்று நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் வேகம் குறைந்தால் தண்ணீர் ஏறும் உயரம் இன்னும் மோசமாக, 0.69 பங்காக இறங்கும். 100 அடி ஏற்றும் பம்ப் 69 அடிதான் ஏற்றும். கேலன் பிழையில் உயரம் மாறாது. ஆகவே தண்ணீரோடு உயரமும் குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் குற்றம் ஹெர்ட்ஸில்.

கடைசியில் டிரம் வைத்து அளந்துவிடுங்கள்

நீல பிளாஸ்டிக் டிரம் ஒன்று எடுங்கள். அதன் கொள்ளளவை நம்பாதீர்கள். எண்ணெய் வரும் இரும்பு டிரம்மையே அமெரிக்காவில் 55 கேலன் என்றும், பிரிட்டிஷ் அளவு புழங்கிய நாடுகளில் 44 கேலன் என்றும் சொல்வார்கள். 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தராசில் வைத்து, கேன் எடை போக 20 கிலோ வரும் இடத்தில் கோடு போடுங்கள். அந்தக் கோடு வரை நிரப்பிப் பத்து முறை டிரம்மில் ஊற்றி, 200 லிட்டர் மட்டத்தைப் பெயின்டால் குறித்துக்கொள்ளுங்கள்.

மோட்டார் போட்டவுடனே அளக்கக் கூடாது. கிணற்று மட்டம் இறங்கி நிற்க அரை மணி நேரம் ஓடட்டும். பிறகு டெலிவரி பைப்பை டிரம்முக்குத் திருப்பி, செல்போன் ஸ்டாப்வாட்ச்சில் கோட்டைத் தொடும் நேரத்தைப் பாருங்கள். 12,000-ஐ அந்த விநாடிகளால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று வரும். 66 விநாடி என்றால் 181.8 லிட்டர், 79 விநாடி என்றால் 152 லிட்டர். தண்ணீர் தளும்பும்போது ஓரிரண்டு விநாடி தவறும். மூன்று முறை எடுத்துச் சராசரி போடுங்கள்.

திறந்த பைப்பில் வரும் தண்ணீர் எப்போதும் கூடுதலாகவே காட்டும். சொட்டுநீருக்கு பில்டரையும் டிரிப்பரையும் தாண்டி அழுத்தத்தோடு தள்ள வேண்டும். அதனால் வால்வைப் பாதி மூடி, அழுத்தமானியில் வேலை செய்யும்போது காட்டும் அதே அழுத்தத்தைக் கொண்டுவந்து அளந்தால்தான் உண்மையான கணக்கு. கிடைத்த எண்ணை லிட்டரிலேயே, தேதியும் அழுத்தமும் சேர்த்து, ஸ்டார்ட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் எழுதிவையுங்கள். அடுத்த கோடையில் தண்ணீர் குறைந்தால் அதே டிரம், அதே அழுத்தத்தில் மறுபடி அளந்து பார்க்கலாம்.