காக்சாவா இடிபாடுகள்: பயணிகள் செய்யும் தவறுகள்

பிலிப்பைன்ஸின் அல்பாய் மாகாணத்தில், தராகா ஊரை ஒட்டி இருக்கிறது காக்சாவா. 1814 பிப்ரவரி 1 அன்று மாயோன் எரிமலை வெடித்தபோது புதைந்த ஊர் இது. ஏறக்குறைய 1,200 பேர் இறந்தார்கள். பிரான்சிஸ்கன் துறவியரின் தேவாலயத்தில் இன்று முழுசாக நிற்பது கருங்கல் மணிக்கூண்டு மட்டும்தான்.

இங்கே வருகிறவர்கள் பயப்பட வேண்டியதை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் பயப்படுகிறார்கள். எரிமலை வாயிலிருந்து இடிபாடு சுமார் 11 கி.மீ. தள்ளி இருக்கிறது, யாரும் நுழையக்கூடாத நிரந்தரத் தடைப்பகுதியோ வாயைச் சுற்றி 6 கி.மீ. ஆரம்தான். எரிகுழம்பு இவ்வளவு தூரம் வருவது அபூர்வம். சேறு வரும். மலைச்சரிவில் தங்கிய சாம்பலும் கல்லும் பெருமழையில் கரைந்து, ஓடைவழியே ஈரச் சிமென்ட் போலப் பாயும். 2006-இல் அதுதான் நடந்தது. ஜூலை முதல் அக்டோபர் வரை மாயோன் குமுறி ஓய்ந்திருந்தது. நவம்பர் 30 அன்று அடித்த ‘ரெமிங்’ புயலில் சேறு இறங்கி நூற்றுக்கணக்கானவர்களைப் பலி வாங்கியது. மலை அமைதியாகத்தானே இருக்கிறது என்று கனமழை நாளில் ஓடைப்பக்கம் போகாதீர்கள். புயல் எச்சரிக்கை இருந்தால் பயணத்தையே தள்ளிப்போடுங்கள்.

அடுத்தது, எச்சரிக்கை எண்ணைத் தப்பாகப் படிப்பது. எரிமலைகளைக் கண்காணிக்கும் ஃபிவோல்க்ஸ் என்னும் அரசு நிறுவனம் 0 முதல் 5 வரை எச்சரிக்கை நிலை அறிவிக்கிறது. 0 என்றால் ஆபத்தே இல்லை என்று அர்த்தமில்லை. 2013 மே 7 அன்று நிலை 0-இல் இருக்கும்போதே திடீரென நீராவி வெடித்து, மலையேறிய ஐவர் இறந்தார்கள். நிலை 3-க்கு ஏறிவிட்டால் தடைப்பகுதி 6 கி.மீ.-க்கு மேலும் விரியலாம். கிளம்பும் அன்று காலையில் எண்ணைப் பாருங்கள். முந்தின வாரத்துச் செய்தி உதவாது. இடிபாட்டருகே ஏடிவி என்னும் கரடுமுரடுப் பாதைக்கான நான்கு சக்கர வண்டியை வாடகைக்கு எடுத்து மலைப்பக்கம் போகிறவர்கள், பாதை எதுவரை போகிறது என்பதை ஏறுமுன் கேட்டுவிடுங்கள்.

சாம்பல் விழும் நாளில் துணி முகக்கவசம் போதாது, என்95 வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம். மூக்குக்கண்ணாடியையும் கேமரா லென்ஸையும் துணியால் தேய்த்தால் கீறல் விழும். சாம்பல் என்பது பொடியான பாறையும் கண்ணாடியும்தான். மூக்குக்கண்ணாடியைத் தண்ணீரில் அலசுங்கள், லென்ஸுக்குக் காற்றடித்துத் தூசி நீக்கும் ஊதுகுமிழ்.

மதியம் போய்விட்டு மலையே தெரியவில்லை என்று புலம்புவதும் வழக்கம். காலை ஏறஏற உச்சியை மேகம் மூடிவிடும். விடிந்ததுமே அங்கே இருங்கள். மலை வடக்கே இருப்பதால் வெயில் எதிரே அடிக்காது. டிசம்பர் மழை மாதம். ஏப்ரலை ஒட்டி வந்தால் வானம் திறந்திருக்க வாய்ப்பு அதிகம்.

படத்துக்காக மணிக்கூண்டிலும் சுவர்த்துண்டுகளிலும் ஏறாதீர்கள். கல் இடுக்கில் செடி வேர்விட்டிருக்கிறது, காரை பலவீனம். 2015-இல் இது தேசியப் பண்பாட்டுச் செல்வமாக அறிவிக்கப்பட்டது. தவிர, புதைந்தவர்களின் இடம் இது. மணிக்கூண்டை உள்ளங்கையில் ஏந்துவது போன்ற படம் தரையில் நின்றே எடுக்கலாம்.

பக்கத்து நகரமான லெகாஸ்பியிலிருந்து தனி வண்டி எடுத்துப் பணத்தை விடவேண்டாம். காமாலிக், கினோபத்தான் ஊர்களுக்குப் போகும் ஜீப்னிகள் (பலர் சேர்ந்து போகும் ஜீப் போன்ற சிற்றுந்துகள்) அந்த வழிதான். ஓட்டுநரிடம் காக்சாவா என்று சொன்னால் முனையில் இறக்கிவிடுவார், அங்கிருந்து கொஞ்ச தூரம் நடை. சில்லறை பெசோ வைத்திருங்கள்.