ஒல்லாந்தர் வரைந்த கோட்டைப் படத்தை வாசிக்கும் முறை

திருகோணமலைக் கோட்டையின் பழைய ஒல்லாந்தப் (டச்சு) படம் கிடைத்தால், முதலில் திசைகளைக் காட்டும் பூ வடிவச் சின்னமான திசைப்பூவைத் தேடுங்கள். வடக்கை மேலே வைத்தே வரைய வேண்டும் என்ற கட்டுப்பாடு அக்கால வரைஞர்களுக்கு இருக்கவில்லை; திசைப்பூவின் வடக்கு முனையில் பெரும்பாலும் அல்லிப்பூ வடிவம் இருக்கும், அதை வைத்துத் தாளைத் திருப்பினால்தான் சுவாமி மலையும் கடலும் நாம் அறிந்த இடங்களுக்கு வந்து சேரும். அளவுகோல் ரைன்லாந்துக் கோல் என்ற பழைய நீள அளவில் இருந்தால், ஒரு கோல் 12 ரைன்லாந்து அடி, அதாவது ஏறத்தாழ 3.77 மீற்றர் என்று கொள்ளுங்கள்.

படத்தின் காலத்தைப் பெயரே பல வேளைகளில் காட்டிக்கொடுக்கும். ஒல்லாந்தர் இக்கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து 1639இல் பிடித்தனர். 1795இல் ஆங்கிலேயரிடம் இழந்தனர். இக்கோட்டைக்கு இன்று வழங்கும் பிரெட்றிக் என்ற பெயர் ஆங்கிலேயர் இட்டது என்பதால், அது எழுதப்பட்ட படத்தை, எவ்வளவு பழுப்பேறியிருந்தாலும், ஒல்லாந்தர் காலத்தது என்று நம்பிவிடாதீர்கள். 'காஸ்டேல்' என்ற சொல்லைக் கண்டு அரண்மனை என்றும் எண்ண வேண்டாம். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியார் (VOC) தங்கள் தலைமைக் கோட்டைகளை அப்படித்தான் அழைத்தனர்.

அதன் பிறகே சின்னங்களுக்கு வாருங்கள். எனக்குப் பிடித்த பகுதி இதுதான். வீ (V) எழுத்தின் இரு கால்களிலும் ஓவும் (O) சீயும் (C) கோக்கப்பட்டிருந்தால் அது கம்பனி முத்திரை. மேலே ஏ (A) இருந்தால் கம்பனியின் ஆம்ஸ்ரர்டாம் கிளையைக் குறிக்கும். சிங்கம் பிடித்திருக்கும் ஏழு அம்புகள், நெதர்லாந்தின் ஒன்றிணைந்த ஏழு மாகாணங்கள். கொத்தளங்களின் பெயர்களையும் விடாமல் படியுங்கள்: காலிக் கோட்டையில் சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று வானத்தை வைத்தவர்கள், யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்து, சீலாந்து, உட்றெக்ட் என்று தங்கள் மாகாணங்களையே வைத்தனர். பெயரிடுவதும் உரிமை கொண்டாடும் ஒரு வழிதானே.

அச்சுப் படமானால் சற்றுச் சந்தேகத்துடன் பாருங்கள். ஐரோப்பாவில் செப்புத்தகட்டில் செதுக்கியவர் இந்தக் கரையைக் கண்டிராமலும் இருக்கலாம், ஆகவே மதிலின் உயரத்தையும் பீரங்கிகளின் எண்ணிக்கையையும் அப்படியே நம்புவது நல்லதன்று.

இறுதியாகப் படத்துடன் கோட்டை வாசலுக்குச் செல்லுங்கள். உள்ளே இராணுவத்தினர் இருப்பதால், புகைப்படம் எடுக்குமுன் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். போர்த்துக்கேயர் 1622 அளவில் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டியபோது கோயிற் கற்களும் அதற்குள் சென்றன. வாசலில் இணைக்கயல் (இரட்டை மீன்) பொறியும், அக்கோயிலுக்குத் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் குளக்கோட்டன் என்ற மன்னனின் பெயர் கூறும் தமிழ் வரிகளும் உள்ள கல்லை இன்றும் காணலாம். உங்கள் கையிலுள்ள படத்தில் அந்தக் கல் இருக்கிறதா என்று பாருங்கள்.