கடற்கரையில் கிடைத்த புதைபடிவப் பல்லை அடையாளம் காண்பது எப்படி?

கரையோரச் சிப்பிக் குவியலில் கறுப்பாகப் பளபளக்கும் முக்கோணத் துண்டு ஒன்று கண்ணில் பட்டால் கையில் எடுத்துப் பாருங்கள். அது சுறாவின் புதைபடிவப் பல்லாக இருக்கலாம். சுறாவின் எலும்புக்கூடு குருத்தெலும்பால் ஆனது, சீக்கிரம் மக்கிவிடும். பற்களோ மிகக் கடினமானவை. ஒரு சுறா தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பற்களை உதிர்க்கவும் செய்கிறது. அதனால்தான் சுறாப் பற்கள் இவ்வளவு கிடைக்கின்றன.

புதிதாகத் தொடங்குபவர்கள் நிறத்தையும் அளவையும்தான் முதலில் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் வேர், அப்புறம் விளிம்பு. மற்றதெல்லாம் பிறகுதான்.

படி 1: கழுவுங்கள்

நல்ல தண்ணீரில் ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். வினிகர் வேண்டவே வேண்டாம். அமிலம் பல்லை அரித்துவிடும்.

படி 2: பல்தானா என்று உறுதி செய்யுங்கள்

கறுத்த கல், சிப்பித் துண்டு, நண்டின் கொடுக்கு நுனி எல்லாமே பல் போலத் தோன்றும். பல் என்றால் வழவழப்பான மேல்பகுதி ஒன்றும், சொரசொரப்பான, நுண்துளைகள் உள்ள வேர் ஒன்றும் இருக்கும். இரண்டும் சேரும் எல்லை தெளிவாகத் தெரியும். வேர் உடைந்து போயிருந்தால் 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் உடைந்த இடத்தைப் பாருங்கள். பளபளப்பு மேலே மெல்லிய அடுக்காக மட்டும் இருந்தால் அது பல்லாக இருக்க வாய்ப்பு அதிகம்.

படி 3: நிறம்

கறுப்பு, சாம்பல், பழுப்பு நிறங்கள் பல் புதைந்திருந்த மண்ணின் தாதுக்களால் வந்தவை. வெள்ளைப் பல் பெரும்பாலும் இக்காலத்துச் சுறாவுடையது. ஆனால் கறுப்பாக இருப்பது பழுப்பானதைவிடப் பழையது என்று சொல்லிவிட முடியாது. நிறத்தை வைத்து வயதைக் கணிக்காதீர்கள்.

படி 4: விளிம்பைப் படியுங்கள்

இந்தப் படிக்குத்தான் நிறைய நேரம் கொடுக்க வேண்டும்.

விளிம்பு மழமழவென்று, பல் ஒல்லியாக நீண்டு, அடியில் இருபுறமும் குட்டிக் கூர்கள் இருந்தால் மணற்புலிச் சுறா வகை. குட்டிக் கூர்கள் இல்லாமல் சற்று அகன்றிருந்தால் மேக்கோ சுறாவாக இருக்கலாம். முனை ஒரு பக்கம் சாய்ந்து, அதன் பின்னால் ஆழமான வெட்டு இருந்து, விளிம்பெல்லாம் ரம்பமாக இருந்தால் புலிச் சுறா.

ரம்ப விளிம்புள்ள அகன்ற முக்கோணம் கிடைத்தால் எல்லோர் மனமும் மெகலோடான் என்ற அழிந்துபோன ராட்சதச் சுறாவுக்குத்தான் போகும். நிதானமாகப் பாருங்கள். பெரிய வெள்ளைச் சுறாவின் பல் விளிம்பிலுள்ள ரம்பக் கூர்கள் பெரியவை, ஒழுங்கற்றவை. மெகலோடானுடையவை நுண்மையானவை, ஒரே சீரானவை. மெகலோடான் பல்லின் நாக்கைப் பார்த்த பக்கத்தில், வேருக்கும் மேல்பகுதிக்கும் நடுவே ஒரு பட்டையும் இருக்கும். அதன் பல் 18 செ.மீ. வரை இருந்தது என்றாலும், குட்டியின் பல் சிறியதுதான். எனவே அளவு முடிவு சொல்லாது.

1666இல் டென்மார்க்கைச் சேர்ந்த உடற்கூறியல் அறிஞர் நிக்கோலாஸ் ஸ்டெனோ ஒரு பெரிய சுறாவின் தலையை அறுத்து ஆராய்ந்தார். பாம்பு நாக்கு கல்லானது என்று பலரும் நம்பிய பொருட்கள் சுறாப் பற்களே என்று மறு ஆண்டு எழுதினார். வடிவத்தை வடிவத்தோடு ஒப்பிட்டுத்தான் அவரும் அந்த முடிவுக்கு வந்தார்.

படி 5: சுறா இல்லையென்றால்?

தட்டையான துண்டின் அடிப்பக்கம் சீப்பு போல வரிவரியாக இருந்தால் திருக்கையின் பல்தட்டு. கூம்பு வடிவில், அடியில் குழிந்து, இரு பக்கமும் மெல்லிய வரம்பு ஓடினால் முதலை. உயரமான சதுரத் தூண் போன்ற பல்லின் மேற்பரப்பில் எனாமல் மடிப்புகள் சிக்கலாகச் சுருண்டிருந்தால் குதிரை. பிறை வடிவங்களாக இருந்தால் மாட்டினம்.

படி 6: குறித்து வையுங்கள்

இடம், தேதி, அளவு, இருபுறப் படங்கள் ஆகியவற்றைச் சேர்த்து வைத்தால் அருங்காட்சியகத்தில் காட்டிக் கேட்பது எளிது. சில கரைகளில் புதைபடிவங்களை எடுக்கத் தடை உண்டு, அதை முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். அலை உருட்டி விளிம்பு தேய்ந்த பல் என்றால் ‘சுறா, வகை தெரியவில்லை’ என்றே எழுதுங்கள். ஊகத்தில் எழுதிய பெயரைவிட அது எவ்வளவோ பயனுள்ளது.