ஆங்கில ஸ்பெல்லிங்கைத் திட்டும்போது நாம் செய்யும் தவறுகள்

ஏழாவது படிக்கும் என் அக்கா மகள் திருத்திய நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லை, காதில் விழுகிறபடி மூன்றே எழுத்தில் எழுதியிருந்தாள். நடுவில் வரவேண்டிய பி (b) இல்லை. சிவப்பு மையில் ஒரு சுழி. "கேக்காத எழுத்தை எதுக்குச் சித்தி எழுதணும்?" என்றாள்.

"அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணு" என்று பிள்ளைகளிடம் சொல்கிறோமே, அதுதான் முதல் தவறு.

பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது அந்தச் சொல்லில் பி கிடையாது. லத்தீன் மேல் பற்றுக்கொண்ட அறிஞர்கள், மூலச்சொல்லில் இருக்கிறதே என்று பிற்காலத்தில் அதைச் செருகினார்கள். ஆங்கிலத்தில் அதை யாரும் உச்சரித்ததில்லை. நம் கையில் இருக்கும் டெபிட் கார்டின் 'டெபிட்'டும் அதே லத்தீன் வேரிலிருந்து வந்ததுதான். அங்கே மட்டும் பி ஒலிக்கிறது. இதைச் சொன்னதும் பிள்ளை சட்டென்று பிடித்துக்கொண்டாள். ரெசீட்டில் ஒலிக்காமல் நிற்கும் இன்னொரு பி (p) வந்ததும் இதே வழியில்தான். 'ஐலண்ட்' கதை இன்னும் மோசம். அது பழைய ஆங்கிலச் சொல். லத்தீன் 'இன்சுலா'வோடு தொடர்புடையது என்று தப்பாக நினைத்து எஸ்ஸை நுழைத்துவிட்டார்கள்.

அதற்காக, ஒலிக்காத எழுத்தெல்லாம் வீண் என்று ஒரே மூட்டையில் கட்டிவிடக் கூடாது. கத்தியைக் குறிக்கும் 'நைஃப்'பின் கே, இரவைக் குறிக்கும் 'நைட்'டின் ஜி எச் எல்லாம் ஒரு காலத்தில் வாயாரச் சொல்லப்பட்டவை. 'நேம்' என்பதையே கிட்டத்தட்ட 'நாமெ' என்றுதான் சொன்னார்கள். (சமஸ்கிருதம் வழியாக நம்மிடம் வந்த 'நாமம்' அதற்குத் தூரத்துச் சொந்தம்.) 1476இல் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சகம் தொடங்கிய காலத்தில் உயிரொலிகள் மாறிக்கொண்டிருந்தன. அச்சு எழுத்தை மெல்ல மெல்ல நிலைப்படுத்தியது. நாக்கு நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது.

அடுத்தது, ஆங்கிலத்துக்கு விதியே இல்லை என்ற பேச்சு. 'ஜி எச் ஓ டி ஐ' என்று எழுதி 'ஃபிஷ்' என்று படிக்கலாமாம்: 'ரஃப்'பின் ஜி எச், 'விமன்'னின் ஓ, 'நேஷ'னின் டி ஐ. நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா சொன்னது என்று பரப்புகிறார்கள். 1855ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றிலேயே இது இருக்கிறது. ஷா பிறந்ததே 1856இல். அதோடு, சொல்லின் தொடக்கத்தில் ஜி எச் ஒருநாளும் 'ஃப்' என்று ஒலிக்காது. எந்த எழுத்து எந்த இடத்தில் எப்படி ஒலிக்கும் என்பதும் விதிதானே?

எழுத்தைப் பார்த்து உச்சரிப்பதும் நம்மிடம் அதிகம். புதன்கிழமையை 'வெட்னஸ்டே' என்கிறோம், 'வென்ஸ்டே' போதும். மனப்பாடத்துக்காக உடைத்துச் சொல்லுங்கள், சரி. பேசும்போது அதை விட்டுவிட வேண்டும்.

அப்புறம், 'ஒலிக்கிறபடியே மாற்றி எழுதிவிட்டால் என்ன?' என்ற கேள்வி. யார் ஒலிக்கிறபடி? 'கார்' என்பதன் கடைசி ஆர் லண்டன் பேச்சில் கேட்காது. ஸ்காட்லாந்தில் நன்றாகக் கேட்கும். நாமும் 'வைத்துக்கொண்டு' என்று எழுதுவதால்தான் 'வச்சுக்கிட்டு' என்பவரும் 'வச்சிண்டு' என்பவரும் ஒரே பக்கத்தைப் படிக்க முடிகிறது. கையெழுத்திடும் 'சைன்'னில் ஊமையாக இருக்கும் ஜி, 'சிக்னேச்ச'ரில் வாய் திறக்கிறது. அதை நீக்கினால் அந்த உறவு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

1906இல் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 300 சொற்களை எளிமையாக எழுதும்படி அரசு அச்சகத்துக்கு உத்தரவிட்டார். செய்தித்தாள்கள் கேலி செய்தன, பிரதிநிதிகள் சபை எதிர்த்தது, அந்த ஆண்டு முடிவதற்குள் பின்வாங்கினார். அவருக்கு வெகுகாலம் முன்பே, அகராதி தொகுத்த நோவா வெப்ஸ்டர் 'கல'ரிலிருந்து யுவை எடுத்ததை அந்த நாடு ஏற்றுக்கொண்டது. ஆனால் நாக்கைக் குறிக்கும் 'டங்', பெண்களைக் குறிக்கும் 'விமன்' போன்றவற்றுக்கு வெப்ஸ்டர் தந்த புது ஸ்பெல்லிங் ஒட்டவில்லை. ஒன்றிரண்டாக, பழக்கத்தில் ஊறி வரும் மாற்றம்தான் நிற்கும் என்பது என் எண்ணம்.

அதுவரை தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு ஒன்று: பிரிட்டிஷ் ஸ்பெல்லிங்கோ அமெரிக்க ஸ்பெல்லிங்கோ, ஒரு விடைத்தாளில் ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள். இங்கே யு போட்டு, அங்கே யு விட்டு எழுதினால் சிவப்புச் சுழிதான் விழும்.