கேபிள் டிவியில் ஓடிய அமிகா: அவசரப்பட்டு ஸ்விட்சைப் போடாதீர்கள்

அமெரிக்காவில் 1988-இல் தொடங்கிய ப்ரிவ்யூ கைடு சேனலில் திரையின் மேல்பாதியில் விளம்பரங்கள் ஓடும். கீழ்ப்பாதியில், எந்தச் சேனலில் என்ன நிகழ்ச்சி என்ற பட்டியல் மெல்ல மேலேறிக்கொண்டே இருக்கும். அந்தப் பட்டியலை வரைந்தது ஏதோ பெரிய ஸ்டுடியோ கருவி என்று நினைத்தவர்கள் ஏராளம். உண்மையில் அது கேபிள்காரர் அறையில் ராப்பகலாக ஓடிய கொமடோர் அமிகா என்ற வீட்டுக் கம்ப்யூட்டர். சில நாள் பட்டியல் காணாமல் போய், கறுப்புத் திரையில் 'குரு மெடிடேஷன்' என்ற, அமிகா செயலிழந்ததைச் சொல்லும் சிவப்புக் கட்டம் மின்னும்போதுதான் குட்டு வெளிப்படும்.

அப்படி ஓடிய அமிகா 2000 இப்போது பழைய பொருள் விற்பவர்களிடம் கிடைத்தால், கைக்கு வந்ததும் எல்லோரும் செய்வது கரண்ட் கொடுத்துப் பார்ப்பது. முதல் தவறே அதுதான். மதர்போர்டிலேயே பற்றவைத்த நிக்கல் காட்மியம் பேட்டரி ஒன்று உள்ளே இருக்கிறது. வருடக்கணக்கில் அது கசிந்து, பக்கத்தில் இருக்கும் பிராசசர் சாக்கெட்டையும் செப்புத் தடங்களையும் அரித்திருக்கும். முதலில் மூடியைக் கழற்றிப் பாருங்கள், பச்சைப் பூப்பு தெரிகிறதா என்று. பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டு வெள்ளை வினிகரால் துடையுங்கள். இங்கே பலர் சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றுவார்கள். கார் பேட்டரிக்கு அது சரி, அதில் இருப்பது அமிலம். இதில் கசிவது காரம்; காரத்தின் மேல் சோடாவைப் போட்டு என்ன பயன்? வினிகருக்குப் பிறகு சுத்தமான நீர், அப்புறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், நன்றாகக் காயும் வரை பொறுமை.

அடுத்தது பவர் சப்ளை. அமெரிக்க மெஷின் 110 வோல்ட்டுக்குப் பழகியது. பின்பக்க எழுத்தைப் படிக்காமல் நம்மூர் 230-இல் செருகினால் புகைதான். சரி, பிசி பவர் சப்ளை வைத்துக்கொள்வோம் என்றால் அதிலும் ஒரு பொறி. அமிகா 2000 தன் நேரக் கணக்குக்குப் பவர் சப்ளையிலிருந்து ஒரு துடிப்பை எதிர்பார்க்கிறது. பிசி சப்ளையில் அது கிடையாது. போர்டில் உள்ள ஜே300 ஜம்பரை (பின்களை இணைக்கும் சின்னத் துண்டை) மாற்றி வைக்க வேண்டும். இல்லையென்றால் மெஷின் பாதியில் முழித்துக்கொண்டு நிற்கும், நீங்கள் சிப்பைச் சந்தேகப்படுவீர்கள்.

ஓடும்போது ஜாய்ஸ்டிக்கையோ பிரிண்டர் கேபிளையோ பிடுங்கிச் செருகாதீர்கள். அந்த இணைப்புகளைக் கவனிக்கும் 8520 சிப் அப்படித்தான் சாகிறது.

ஃப்ளாப்பி விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். அதை விண்டோஸ் கம்ப்யூட்டரில் போட்டால் 'ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்கும். அமிகா டிஸ்க்கின் 880 கேபி அமைப்பு பிசி டிரைவுக்குப் புரியாது, அவ்வளவுதான். டிஸ்க் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. ஒலிபரப்பு மென்பொருள் கடையில் விற்றதல்ல என்பதால், ஒரு டிஸ்க்கை அழித்தால் இன்னொன்று கிடைக்காமலே போகலாம். கிரீஸ்வீஸல் போன்ற கருவியால் நகல் எடுத்த பிறகுதான் மற்ற எல்லாம்.

உள்ளே வீடியோ ஸ்லாட்டில் இருக்கும், கம்ப்யூட்டர் எழுத்தை வெளி வீடியோவோடு இணைக்கும் ஜென்லாக் கார்டைப் 'பழைய குப்பை' என்று கழற்றி எறிபவர்களும் உண்டு. மெஷினே அதற்காகத்தான் அங்கே போனது. அமெரிக்க அமிகாவின் 7.16 மெகாஹெர்ட்ஸ் வேகம், அந்நாட்டு டிவி முறையான என்டிஎஸ்சியின் நிற அலைவரிசையின் சரியாக இரண்டு மடங்கு. அதனால் வெளியிலிருந்து வரும் வீடியோவின் தாளத்தோடு இதுவும் சேர்ந்து ஓடும். எழுத்தைப் படத்தின் மேல் நடுங்காமல் பதிக்கலாம். 1990-இல் வந்த, வீடியோக்களைக் கலந்து தொகுக்க உதவும் வீடியோ டோஸ்டர் கார்டுக்கும் இதே அடித்தளம்தான். அந்தக் கார்டு கிடைத்தால் நம் பக்கத்து டிவி முறையான பிஏஎல் (PAL) மெஷினில் போட்டுப் பார்க்க ஆசைப்படாதீர்கள். அது என்டிஎஸ்சிக்கு மட்டும்.

கடைசியாக மானிட்டர். சாதாரண விஜிஏ மானிட்டரில் திரை கறுப்பாக இருந்தால் மெஷினைத் திட்ட வேண்டாம். அமிகா அனுப்புவது டிவிக்கான 15 கிலோஹெர்ட்ஸ் சிக்னல், பெரும்பாலான விஜிஏ மானிட்டர்கள் எதிர்பார்ப்பது 31. வீட்டு மூலையில் பழைய பெட்டி டிவி இருந்தால் தூசி தட்டி எடுங்கள்.